பாப்பா எழுதிய தேர்வும் நாங்கள் படித்த படிப்பும்

என் மகள் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது ஒரு நுழைவுத் தேர்வு எழுதினாள். அரசாங்கம் நடத்தும் உறைவிடப் பள்ளிக்கான தேர்வு. ஆறாம் வகுப்பில் சேர்ந்துவிட்டால் பன்னிரண்டு வரைக்கும் அங்கேயே தங்கிப் படிக்கலாம். பெரிய மைதானம், நல்ல லேப், நூலகம் எல்லாம் உண்டு. மாவட்டம் முழுக்கப் பிள்ளைகள் வந்து எழுதுவார்கள், எடுப்பதென்னவோ கொஞ்சம் பேரைத்தான். அந்தத் தேர்வுக்கு நாங்கள் ராப்பகலாக அவளைத் தயார் செய்தோம் என்று தெருவில் எல்லோரும் இன்னும் பேசிக்கொள்கிறார்கள். அவர்களுக்கு நான் மறுப்புச் சொல்வதில்லை. ஆனால் தயாரானது யார் என்பது எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் எங்கள் ரயில் பெட்டிக்கும் நன்றாகத் தெரியும்.

நாங்கள் தங்க வயலில், ஊரிகத்தில், சுரங்கத் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் இருக்கிறோம். வீட்டுக்காரர் இங்கேயே இருக்கும் எந்திரத் தொழிற்சாலையில் வெல்டர். நான் ஒயிட்ஃபீல்டில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் பில் போடும் வேலையில் இருக்கிறேன். தங்க வயலில் பாதிப் பேருக்கு விடிவதே ரயிலில்தான். மாரிக்குப்பத்தில் ஏறும் நர்ஸ் அக்கா எனக்கு ஜன்னலோரம் துப்பட்டா போட்டு வைத்திருப்பார். பங்காருபேட்டையில் ஒரு பேங்க் மேடம் ஏறுவார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், எங்களிடம் தமிழில் பேசுவார், கோபம் வந்தால் கன்னடத்துக்கு மாறிவிடுவார். மூவருக்கும் வருஷக்கணக்காக ஒரே பெட்டி, ஒரே இருக்கை. பூ கட்டுவோம், தூங்குவோம், மாமியாரைப் பற்றிப் பேசுவோம். அந்த ஒழுங்கெல்லாம் ஒரு காலையில் கெட்டுப்போனது.

பேங்க் மேடத்தின் அண்ணன் பிள்ளை அந்தப் பள்ளியில் படிக்கிறான். "உன் பொண்ணுக்கும் எழுதிப் பாரேன்" என்று சொல்லி ஒரு மாதிரி வினாத்தாளை என் போனுக்கு அனுப்பினார். திறந்து பார்த்தேன். முதல் பகுதியில் எழுத்தே இல்லை. எல்லாம் படங்கள். ஒரு கேள்வியில் நான்கு படம், ஒவ்வொன்றிலும் ஒரு அம்புக்குறி, ஒரு புள்ளி, ஒரு கோடு. இவற்றில் எது மற்றவற்றோடு சேராதது?

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கான கேள்விதானே என்று சட்டென்று சொன்னேன். "ரெண்டாவது."

நர்ஸ் அக்கா மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனை வாங்கினார். "இன்னாத்துக்கு ரெண்டாவது? மூணாவது பாரு, அது மட்டும் சோகமா கீது."

"சோகமா கீதா? இது கோடுக்கா!"

"கோடுதான். ஆனா தலையத் தொங்கப் போட்டுகினு கீது பாரு."

பேங்க் மேடம் நாலாவது என்றார். காரணம் கேட்டால் சொல்லத் தெரியவில்லை. ஆனால் விடமாட்டேன் என்றார். எதிர் இருக்கையில் இருந்த காலேஜ் பெண் எட்டிப் பார்த்து முதலாவது என்றாள். நான்கு பேருக்கு நான்கு விடை. விடைக்குறிப்பை மேடம் அனுப்பவில்லை, அது அவரிடமும் இல்லை. மாலூர் போயிற்று. பெட்டியில் பாதி எங்கள் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டது.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் போனை மகளிடம் நீட்டினேன். அவள் முறுக்கு கடித்துக்கொண்டே பார்த்தாள்.

"மூணாவது."

"எப்படி சொல்ற?"

"மத்ததுல எல்லாம் புள்ளி அம்புக்கு முன்னாடி இருக்குது. இதுல பின்னாடி. இது கூடவா தெரியல மம்மி?"

சோகமாக இருந்ததாக நர்ஸ் அக்கா சொன்ன மூன்றாவது! எனக்குத் தோற்ற கோபம் ஒரு பக்கம், பெற்ற சந்தோஷம் ஒரு பக்கம். அப்போதே தீர்மானித்துவிட்டேன். இவள் எழுதுவாள். இவளுக்குச் சொல்லிக்கொடுப்பதற்காக நான் இதையெல்லாம் கற்றுக்கொள்வேன்.

அது எவ்வளவு பெரிய பைத்தியத்தின் தொடக்கம் என்று எனக்குத் தெரியாது.

கடையில் ஒரு தடிமனான பயிற்சிப் புத்தகம் வாங்கினேன். காலையில் அது என்னோடு ரயிலில் போகும், சாயங்காலம் திரும்பி வந்து பாப்பாவோடு உட்காரும். கணக்குப் பகுதி எனக்குப் பயமில்லை. பில் போடுகிற கை. மொழிப் பகுதிக்கு அவளே போதும், எதைக் கொடுத்தாலும் படிப்பாள், மருந்துச் சீட்டைக்கூட விடமாட்டாள். இந்தப் படங்கள்தான் எங்களைப் பிடித்து ஆட்டின.

ஒருநாள் கண்ணாடிக் கடிகாரப் படம் வந்தது. கடிகாரத்தைக் கண்ணாடியில் பார்த்தால் மணி மூன்று நாற்பது. அப்படியானால் உண்மையான மணி என்ன? நான் எட்டு இருபது என்றேன். பேங்க் மேடம் ஒன்பது இருபது என்றார். சின்ன முள்ளைப் பற்றிச் சண்டை. மேடம் கைப்பையிலிருந்து பவுடர் டப்பாவை எடுத்தார், அதன் மூடியில் வட்டக் கண்ணாடி. நர்ஸ் அக்கா தன் கைக்கடிகாரத்தின் திருகை இழுத்து மூன்று நாற்பதுக்கு முள்ளைத் திருப்பினார். ஓடுகிற ரயிலில் நான் கண்ணாடியைப் பிடிக்க, அக்கா மணிக்கட்டை நீட்ட, மூன்று தலைகள் ஒரு சின்ன வட்டத்துக்குள் நுழையப் பார்த்தன.

"எட்டு இருபது!" என்று கத்தினேன். "பாத்தீங்களா? பாத்தீங்களா மேடம்?"

"உன் கை ஆடுது. சரியா பிடி. பார்க்கலாம், நோடோணா" என்று மேடம் கன்னடத்துக்குப் போய்விட்டார்.

அவர் ஒப்புக்கொண்டபோது நான் ஜெயித்த மிதப்பில் வெளியே பார்த்தேன். ஒயிட்ஃபீல்டு எப்போதோ போய்விட்டிருந்தது. கே.ஆர்.புரத்தில் இறங்கி, ஆட்டோ பிடித்து, மூச்சிரைக்க ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தால் மேனேஜர் நிற்கிறார்.

"ஏன் லேட்டு?"

"கண்ணாடி பாத்துகினு இருந்துட்டேன் சார்" என்று உண்மை வாயில் வந்துவிட்டது.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் என்னிடம் மெதுவாகவே பேசினார். நர்ஸ் அக்காவின் கதை இன்னும் மோசம். கடிகாரத்தைத் திரும்பச் சரிசெய்ய மறந்துவிட்டார். வார்டில் டியூட்டியில் சேர்ந்த கொஞ்ச நேரத்திலேயே கையைப் பார்த்து, "அட, ஷிப்ட் முடியப் போவுதே" என்று பையை எடுத்திருக்கிறார். கூட இருந்தவர்கள் பிடித்து உட்கார வைத்தார்களாம்.

மாலையில் பாப்பாவிடம் அந்தக் கேள்வியை நீட்டினேன். அவள் பக்கத்தைத் தூக்கி, பின்பக்கமாக விளக்கு வெளிச்சத்தில் பார்த்தாள். "எட்டு இருபது. கண்ணாடி எதுக்கு மம்மி? பேப்பரத் திருப்பிப் புடிச்சா போதும்."

இதை நான் மறுநாள் ரயிலில் சொன்னபோது மூவரும் கொஞ்ச நேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்காரர் முதலில் இதில் சேரவில்லை. "புள்ளைய விடுங்க, விளையாடட்டும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து வந்து தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். புத்தகத்தில் மடித்த தாள் பாடம். ஒரு தாளை மடித்து, மறுபடி மடித்து, ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி எடுத்துவிட்டுப் பிரித்தால் எத்தனை ஓட்டை இருக்கும்? தாளும் கத்தரியும் தேட எனக்கு நேரமில்லை. கல்லிலிருந்து எடுத்த மெல்லிய தோசையை இரண்டாக மடித்து, நாலாக மடித்து, மடிப்பு ஓரத்தின் நடுவில் ஒரு கடி கடித்துப் பாப்பாவின் தட்டில் வைத்தேன்.

"பிரிச்சா எத்தினி ஓட்டை?"

அவள் வாயைத் திறக்கும் முன்னால் உள்ளறையிலிருந்து குரல் வந்தது. "நாலு."

"ரெண்டு" என்றாள் பாப்பா.

அவர் பனியனோடு வெளியே வந்தார். "நாலா மடிச்சிருக்குது. அப்போ நாலு ஓட்டைதான? டெய்லி இரும்புத் தகடு வெட்றவன் நானு. எனக்கா தெரியாது?"

பாப்பா தோசையைப் பிரித்தாள். இரண்டே ஓட்டை, எதிரும் புதிருமாக.

அவர் குனிந்து தோசையைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். "இந்த தோசை சரியா வேகல" என்றார்.

"மடிப்பு ஓரத்துல கடிச்சா ரெண்டு ரெண்டு சேர்ந்து ஒண்ணாயிடும் டாடி. ஓரத்தத் தொடாம உள்ள கடிச்சாதான் நாலு. முனையில கடிச்சா ஒண்ணே ஒண்ணு."

"இன்னொண்ணு போடு" என்று என்னிடம் சொல்லிவிட்டு அவர் தரையில் உட்கார்ந்தார்.

அன்று மாவு தீரும்வரை தோசை வார்த்தேன். அவர் முனையைக் கடித்தார், ஓரத்தைக் கடித்தார், வட்ட விளிம்பைக் கடித்தார். ஒவ்வொரு தடவையும் கடிப்பதற்கு முன்னால் விடை சொல்லியாக வேண்டும் என்று பாப்பா சட்டம் போட்டாள். தப்பாகச் சொன்னவர் அந்தத் தோசையைச் சட்னியில்லாமல் தின்ன வேண்டும். அவர் நிறைய வெறும் தோசை தின்றார். பக்கத்து வீட்டு ஆன்ட்டி எதற்கோ வந்து வாசலில் நின்று, எங்கள் மூவர் கையிலும் ஓட்டை ஓட்டையாகத் தோசை இருப்பதைப் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. அட்டையில் கனசதுரம் வெட்டி ஒட்டினார். ஆறு பக்கமும் ஆறு நிறம். தொழிற்சாலையில் சாப்பாட்டு நேரத்தில் தரையில் சாக்பீஸால் படம் போட்டு, "இத மடிச்சா சிவப்புக்கு எதிர்ல இன்னா வரும்?" என்று கூட வேலை செய்பவர்களைக் கேட்க ஆரம்பித்தார். இரண்டு கட்சி உண்டாகி, இரண்டு நாள் பேசிக்கொள்ளாமல் இருந்து, மூன்றாம் நாள் தகட்டிலேயே வெட்டி மடித்துப் பார்த்துச் சமாதானமானார்களாம்.

பாப்பாவுக்கு எங்களைப் போல வெறியெல்லாம் கிடையாது. அவளுக்கு அது விளையாட்டு. ஒரே ஒரு கஷ்டம், அவளுக்குச் சிரிப்பு வரும். எல்லாப் பிள்ளைக்கும் வருகிற மாதிரி இல்லை. ஒருதரம் ஆரம்பித்தால் தோள் குலுங்கும், கண்ணில் தண்ணீர் வரும், விக்கல் எடுக்கும், அப்புறமும் நிற்காது. இந்தப் படங்களோ அவளைச் சிரிக்க வைப்பதற்கென்றே போட்டவை மாதிரி இருந்தன. எனக்கு முக்கோணமும் வட்டமுமாகத் தெரிவது அவளுக்குக் குடை பிடித்த வாத்து. வேறொன்று தொப்பி போட்ட இட்லி. ஒரு படத்தைப் பார்த்து எங்கள் பாஸ்டரின் மூக்கு என்று சொல்லிவிட்டாள், அதற்கப்புறம் அடுத்த ஞாயிறு ஆராதனையில் பிரசங்கம் முழுக்க நான் அவள் தொடையைக் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று. பாவம் அவரோ அன்றைக்கு, தேர்வு எழுதப்போகும் பிள்ளைகளுக்காக உருகி உருகி ஜெபம் செய்தார். இவள் குனிந்த தலை குலுங்குவதைப் பார்த்து, பிள்ளை அழுகிறாள் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் நீட்டினார்.

"பரீட்சை ஹால்ல சிரிச்சா வெளிய அனுப்பிடுவாங்க" என்று மிரட்டிப் பார்த்தேன்.

"நான் இன்னா வேணும்னா சிரிக்கிறேன்? அது தானா வருது மம்மி."

தேர்வு நெருங்க நெருங்க எனக்குக் கொஞ்சம் முற்றிவிட்டது. ரயிலை விட்டு இறங்கி வரும்போதே கேள்வியோடு வருவேன். அவள் சோற்றைப் பிசையும்போது கேட்பேன், தலை பின்னும்போது கேட்பேன். ஒருநாள் ஒரு கேள்விக்கு அவள் தப்பாகச் சொன்னதும் "இதுகூடத் தெரியாம அங்க போய் இன்னா எழுதப் போற?" என்று குரலை உயர்த்திவிட்டேன். அவள் அழவில்லை. எழுந்து உள்ளே போனாள். ரொம்ப நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது கையில் இரண்டு தாள். எனக்கொன்று, வீட்டுக்காரருக்கு ஒன்று. அவளே படம் போட்டு, அவளே கேள்வி எழுதிய வினாத்தாள்.

"பேசக் கூடாது. பக்கத்துல பாக்கக் கூடாது. நான் மணி அடிச்சதும் எழுதணும்" என்று சொல்லிவிட்டு எவர்சில்வர் டம்ளரைக் கரண்டியால் தட்டினாள்.

நாங்கள் சுவருக்கு ஒருவராக உட்கார்ந்து எழுதினோம். கேள்விகள் அநியாயத்துக்குக் கஷ்டம். ஒரு படத்தில் எதைச் சுழற்றியிருக்கிறாள் என்றே தெரியவில்லை. அவர் என் தாளைப் பார்க்க எட்டினார், பாப்பா அவர் முதுகில் ஸ்கேலால் தட்டினாள். திருத்தி, சிவப்புப் பேனாவில் மார்க் போட்டுக் கொடுத்தாள். இருவரும் பெயில்.

"அப்பா அம்மா கையெழுத்து வாங்கிகினு வரணும்" என்றாள் முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு.

"நான் அவளுக்குப் போடறேன், அவ எனக்குப் போடட்டும்" என்றார் அவர்.

"பெயிலானவங்க கையெழுத்து செல்லாது."

மூவரும் சிரிக்க ஆரம்பித்து நிறுத்த முடியாமல் போயிற்று. அவள் விக்கலோடு தரையில் படுத்து உருண்டாள். அன்றைக்குப் பிறகு சோற்று வேளையிலும் தலை பின்னும் வேளையிலும் நான் கேள்வி கேட்பதை விட்டுவிட்டேன். கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

தேர்வு மையம் பங்காருபேட்டையில் ஒரு பள்ளிக்கூடம். சனிக்கிழமை. மூவரும் பைக்கில் போய் இறங்கினோம். வாசலில் பார்த்தால் பேங்க் மேடம் கையில் கோயில் குங்குமத்தோடு நிற்கிறார், நர்ஸ் அக்கா ஒரு பிளாஸ்க்கில் ஹார்லிக்ஸோடு நிற்கிறார். "நாங்க படிச்சதுக்கு மட்டும் மதிப்பில்லியா? நாங்களும் வருவோம்" என்றார் அக்கா. மேடம் குங்குமத்தை என்ன செய்வதென்று யோசித்து, எங்கள் வீட்டில் வைப்பதில்லை என்று நினைவு வந்து, பாப்பாவின் ஹால் டிக்கெட் மூலையில் துளியூண்டு வைத்துவிட்டு, "இது காகிதத்துக்குத்தான்" என்றார். பாப்பா எங்களுக்கெல்லாம் கையாட்டிவிட்டு உள்ளே போனாள். கேட்டைத் தாண்டும்போது குதித்துக்கொண்டு போனாள்.

"சிரிக்காதம்மா!" என்று என் வீட்டுக்காரர் பின்னாலிருந்து கத்தினார். மற்ற பெற்றோர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பரீட்சைக்குப் போகிற பிள்ளையிடம் யாரும் இப்படிச் சொல்லிக் கேட்டிருக்க மாட்டார்கள்.

எதிரே வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். பக்கத்தில் பூதிகோட்டையிலிருந்து வந்த ஒரு குடும்பம். தக்காளிப் பயிர் போடுகிறவர்கள். அவர்கள் மகளும் உள்ளே எழுதிக்கொண்டிருந்தாள். அந்த அப்பாவின் மடியில் எங்கள் வீட்டில் இருக்கும் அதே தடிமனான புத்தகம். அதைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. நகர்ந்து நகர்ந்து அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். கன்னடத்தில் ஆரம்பித்தார்கள், பாதியில் தெலுங்கு வந்தது, படம் வந்ததும் மொழியே தேவைப்படவில்லை. மண்ணில் குச்சியால் கனசதுரத்தை விரித்துப் போட்டு, கட்டத்துக்கு ஒரு நிறத்தின் பேரை எழுதினார்கள். இன்னும் இரண்டு அப்பாக்கள் வந்தார்கள், ஒரு அம்மா வந்தார். நர்ஸ் அக்கா உள்ளே புகுந்து, "மூணாவது! எது சோகமா கீதோ அதான் ஆன்சர், எனக்கு அனுபவம் கீது" என்றார். சத்தம் ஏறிக்கொண்டே போனது. பள்ளி வாட்ச்மேன் கம்பை ஊன்றிக்கொண்டு வந்துவிட்டார்.

"உள்ள பசங்க எல்லாம் கம்முனு எழுதுது. நீங்க இன்னாங்க இங்க கத்திகினு கீறீங்க?" என்றவர், தரையைப் பார்த்துக் கொஞ்சம் நின்று, "பச்சைக்கு எதிர்ல மஞ்சள் வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதுவும் தப்பு.

மணி அடித்தது. பிள்ளைகள் வந்தார்கள். பாப்பா கடைசியாக வந்தாள், பூதிகோட்டைப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு. பாப்பாவின் கண் சிவந்து வீங்கியிருந்தது. நான் ஓடிப்போய் அவள் தோளைப் பிடித்தேன்.

"அழுதியா? இன்னாச்சு?"

அவள் தலையை ஆட்டினாள். பேச முடியவில்லை. உதட்டைக் கடித்தாள். அப்புறம் வெடித்துவிட்டது. "டாடி... டாடி மாதிரியே..." என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள்.

விஷயம் மெதுவாக வெளியே வந்தது. ஒரு கேள்வியில் ஒரு பெரிய வட்டம், அதன்மேல் ஒரு சின்ன வட்டம், சின்ன வட்டம் சாய்ந்து கீழே ஒரு கோட்டைப் பார்க்கிறது. அவளுடைய அப்பா தொப்பையோடு குனிந்து ஷூ லேஸ் தேடுவது போல அச்சாக இருந்ததாம். சிரிப்பு வந்துவிட்டது. கையால் வாயைப் பொத்தினாளாம், நிற்கவில்லை. மேற்பார்வைக்கு வந்த ஆசிரியர் அருகில் வந்து, "யாக்கம்மா நகுத்தியா?" என்று சிரிப்புக்குக் காரணம் கேட்டிருக்கிறார். இவள் படத்தைக் காட்டி, எங்கள் அப்பா என்று சொல்லியிருக்கிறாள். அவர் படத்தைப் பார்த்தார், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், அவர் தோளும் கொஞ்ச நேரம் குலுங்கியதாம். அப்புறம் தண்ணீர் குடிக்கச் சொல்லிவிட்டுப் போனாராம்.

"எல்லாத்தையும் எழுதிட்டியா?" என்று கேட்டேன்.

"எழுதிட்டேன். கடைசில கொஞ்சம் மட்டும் அவசரமா. சிரிச்சதுல டைம் போயிடுச்சு மம்மி."

என் வீட்டுக்காரர் தன் வயிற்றைக் குனிந்து பார்த்தார். "என்னாலதான் போச்சா?" என்றார். அந்த முகத்தைப் பார்த்து நாங்கள் எல்லோரும், பூதிகோட்டைக் குடும்பம் உட்பட, சிரித்தோம். ஆனால் பைக்கில் திரும்பி வரும் வழியில் கிடைக்காது என்றே நானும் அவரும் நினைத்தோம். அவள் எங்கள் நடுவில் உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டு வந்தாள்.

அதன் பிறகு மழை வந்தது போயிற்று, கிறிஸ்துமஸ் வந்தது போயிற்று. ரயிலில் மறுபடியும் பூ கட்டினோம், மாமியாரைப் பற்றிப் பேசினோம். ஆனால் ருசிக்கவில்லை.

முடிவு வந்த செய்தி ரயிலில்தான் வந்தது. மேடத்தின் அண்ணன் போனில் சொன்னார். நாங்கள் மூவரும் ஆளுக்கொரு போனில் அந்தப் பக்கத்தைத் திறந்தோம். மூன்றிலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. டியாக்கலில் சிக்னல் போனது. மாலூரில் வந்தது. முதலில் திறந்தது மேடத்தின் போன். நான் பதிவு எண்ணைச் சொல்லச் சொல்ல அவர் ஒவ்வொன்றாகத் தட்டினார்.

மேடம் போனை என் முகத்துக்கு நேரே திருப்பினார். தேர்வாகிவிட்டாள்.

நான் கத்தியதாக எனக்கு நினைவில்லை. ஆனால் அடுத்த பகுதியிலிருந்து ஓர் ஆள் இருக்கைமேல் ஏறி நின்று "பாம்பா? எங்க பாம்பு?" என்று கேட்டது நினைவிருக்கிறது. நர்ஸ் அக்கா என்னைக் கட்டிக்கொண்டு "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று முதுகில் அடித்த அடி சாயங்காலம்வரை வலித்தது. யாரோ ஒருவர் இட்லி டப்பாவைத் திறந்து, இனிப்பு இல்லையே என்று வருத்தப்பட்டு, இட்லியையே எல்லோருக்கும் பிய்த்துக் கொடுத்தார்.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். பின்னால் எந்திரச் சத்தம்.

"கெடைச்சிடுச்சு!"

"இன்னா கெடைச்சிச்சு?"

"பாப்பாவுக்குங்க! சீட்டு!"

"நம்பர சரியா பாத்தியா? திரும்பிச் சொல்லு" என்றார். சொன்னேன். "தொப்பைய மன்னிச்சிட்டாங்க" என்று அங்கே யாரிடமோ கத்தினார்.

சாயங்காலம் பாப்பாவிடம் சொன்னோம். குதிப்பாள் என்று நினைத்தேன். அவள் "ஓ" என்றாள். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்போ நான் அங்கயே தங்கணும் இல்ல?"

"ஆமாம்மா" என்றேன். அந்த வார்த்தையைச் சொன்ன பிறகுதான் அது எனக்கே உறைத்தது. இத்தனை மாதமும் படங்களைச் சுழற்றினோம், மடித்தோம், விரித்தோம். அவள் இல்லாத வீட்டை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. அவர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார்.

"உனக்குப் போவ இஷ்டமா? இல்லன்னா வேணாம்" என்றார் அங்கிருந்தே. "இங்கயும் ஸ்கூல் கீது."

"எனக்கு இஷ்டந்தான் டாடி. அந்தப் பூதிகோட்டைப் பொண்ணுக்குக் கெடைச்சிதான்னு கேளுங்க. அவ வந்தா ஜாலியா இருக்கும்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள். "ஆனா நான் போயிட்டா நீங்க ரெண்டு பேரும் இன்னா பண்ணுவீங்க?"

பூதிகோட்டைக்காரருக்கு அவர் போன் போட்டார். அவர்கள் மகளுக்கும் கிடைத்திருந்தது. இரண்டு பிள்ளைகளும் போனைப் பிடுங்கிக்கொண்டு எந்தக் கட்டிலில் யார் படுப்பது என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

ட்ரங்குப் பெட்டி வாங்கினோம், பக்கெட், கொசுவலை, வெள்ளை ஷூ. பெட்டி மெல்லியதாக இருக்கிறது என்று அவர் மூலைகளுக்கெல்லாம் இரும்புப் பட்டை வைத்து வெல்டு செய்துகொண்டு வந்தார். அப்புறம் அதைத் தூக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது. விடுதியில் கொண்டுபோய் விட்ட அன்று பாப்பா எங்களுக்கு முத்தம் கொடுத்துவிட்டு, பூதிகோட்டைப் பெண்ணோடு மாடிப்படியில் ஓடிவிட்டாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வெல்டிங் பண்ணிப் பண்ணி எரியுது" என்றார். அன்று அவருக்கு லீவு.

பெற்றோர் பார்க்கலாம் என்று விட்ட முதல் ஞாயிற்றுக்கிழமை, காலையிலேயே எழுந்து சிக்கன் பிரியாணி செய்தேன். மூவருக்கும் சேர்த்துத் தாராளமாக. பிள்ளை இளைத்திருப்பாள், பக்கத்தில் உட்கார வைத்து ஊட்ட வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி மைதானத்தைத் தாண்டும்போது அவள் ஓடி வந்தாள். இளைக்கவில்லை. பின்னால் ஒரு பெரிய கூட்டம், எல்லாம் அவளைப் போலவே வெள்ளை ஷூ போட்ட பெண்கள்.

"மம்மி, டாடி! இவங்க எல்லாம் என் டார்ம், ஒரே ஹால்ல படுக்கறோம்" என்றாள். "இன்னா எடுத்துகினு வந்தீங்க?"

நான் தூக்குப் பாத்திரத்தை உயர்த்தியதுதான் தெரியும். அது கைமாறிவிட்டது. புல்தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். தட்டுகூட இல்லை, மூடியில் கொஞ்சம், இலையில் கொஞ்சம், மீதி நேரே கையில். ஒருத்தி கன்னடத்தில் இன்னும் கறி கேட்டாள், ஒருத்தி தெலுங்கில் முட்டை தனக்கென்று சொன்னாள், பாப்பா மூன்று மொழியிலும் எல்லோரையும் அதட்டிப் பங்கு வைத்தாள். நாங்கள் இருவரும் கல்யாண வீட்டுக்கு அழைக்காமல் வந்தவர்கள் மாதிரி ஓரமாக நின்றோம். பாத்திரம் திரும்பி வந்தபோது அதில் ஒரு பிரிஞ்சி இலை மட்டும் இருந்தது.

நேரம் முடிந்து மணி அடித்தது. அவள் எண்ணெய்க் கையோடு என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "அடுத்த வாட்டி பெரிய குண்டான்ல எடுத்துகினு வாங்க மம்மி. இது பத்தல."

பஸ் ஸ்டாண்டில் எங்களுக்குப் பசி காதை அடைத்தது. அவர் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி வந்தார். சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து உரித்துத் தின்றோம். என் புடவைத் தோளில் அவளுடைய விரல்கள் ஐந்தும் மஞ்சளாகப் பதிந்திருந்தன. அவர் அதைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார், எனக்கும் தொற்றிக்கொண்டது. எங்கள் பஸ் வந்து, நின்று, கிளம்பிப் போனதை நாங்கள் கவனிக்கவில்லை.